வீட்டுப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி: அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அப்பா கும்பகோணத்திலிருந்து ஹூஸ்டனுக்கு வந்து மூன்றாவது இரவு. மணி மூன்று இருக்கும். கீழே சமையலறையில் ஏதோ உருளும் சத்தம் கேட்டு விழித்துக்கொண்டேன். மனைவி பக்கத்தில் தூங்குகிறாள், மகளின் அறைக்கதவு மூடியிருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் துப்பாக்கி பூட்டி வைத்திருந்த சேஃபின் மீது என் கை போய்விட்டது. திறப்பதற்கு முன் மாடிப்படி தலைப்பில் நின்று “யாரு?” என்று சத்தமாகக் கேட்டேன். “நான்தாம்பா. தூக்கம் வரல, காபி போடலாம்னு…” என்றார் அப்பா. உருண்டது டம்ளர்.

அதற்குள் நான் பத்து தடவைக்கு மேல் ரேஞ்ச் எனும் சுடும் பயிற்சிக்கூடத்துக்குப் போய்ச் சுட்டிருந்தேன். இலக்கில் ஓரளவு நன்றாகவே அடிப்பேன். ஆனால் அந்த “யாரு?” என்ற ஒரு சொல்லை எந்த வகுப்பிலும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, அது தானாக வாயில் வந்தது. அதை நினைத்து அன்று விடியும்வரை எனக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டுப் பாதுகாப்புக்கான துப்பாக்கிப் பயிற்சி என்பதில் பெரும்பகுதி சுடாமல் இருப்பதற்கான பயிற்சி. இந்த வழிகாட்டியை அந்தக் கண்ணோடுதான் எழுதுகிறேன்.

நம் ஆட்களுக்கு இந்தக் கவலை ஏன் வருகிறது என்பது எனக்குத் தெரியும். பியர்லாண்ட் மீனாட்சி கோயிலில் சாப்பிட உட்கார்ந்தால் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. 2011 முதல் 2014 வரை ஜார்ஜியா, நியூயார்க், நியூஜெர்சி, மிச்சிகன், டெக்சஸ் மாநிலங்களில் இந்திய, ஆசிய வம்சாவளிக் குடும்பங்களாகப் பார்த்து, ஆயுதத்துடன் வீடு புகுந்து கொள்ளையடித்த ஒரு கும்பல் இருந்தது. அதை நடத்திய ஹூஸ்டன் பெண்ணுக்கு 2019இல் 37 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. நம் வீடுகளில் நகை இருக்கும் என்பது திருடர்களுக்கும் தெரியும். பயம் வெறும் கற்பனை இல்லை. ஆனாலும் பயத்தில் ஓடிப்போய் வாங்கும் பொருள் இல்லை இது.

நான் வக்கீல் இல்லை. கீழே சொல்லும் சட்டம் பொது அறிவுக்காக. உங்கள் மாநிலச் சட்டத்தை அங்குள்ள வக்கீலிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறதா?

இதைத்தான் நம் ஆட்கள் பலர் தவறவிடுகிறார்கள். ஹெச்-1பி, ஹெச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களும் குடியுரிமை பெற்றவர்களும் வாங்கலாம். மீறினால் 15 ஆண்டு வரை சிறை. அதற்குமேல் நாடு கடத்தலும் வரும்.

“வாங்கத்தானே கூடாது, ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடலாமே” என்பார்கள். சட்டத்தின் கண்ணில் கையில் எடுத்தாலே வைத்திருந்ததுதான். அலுவலக நண்பர்கள் சனிக்கிழமை கூப்பிட்டார்கள் என்று போய், சுட்ட படத்தை ஃபேஸ்புக்கில் போடும் ஹெச்-1பி தம்பிகளைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். வேட்டை உரிமம் எடுத்துவிட்டால் போதும் என்று யாராவது சொன்னாலும் முதலில் குடிவரவு வக்கீலிடம் கேளுங்கள்.

இன்னொன்று: உங்களைப் பார்க்க வரும் பெற்றோர் சுற்றுலா விசாவில் வருகிறார்கள். அவர்களுக்கும் இதே தடைதான். பெருமையாக எடுத்துக்காட்டி அப்பாவின் கையில் கொடுத்துவிடாதீர்கள். அவர்கள் இருக்கும் மாதங்களில் சேஃபின் எண் அவர்களுக்குத் தெரியக்கூடாது.

விசா தவிர, பெருங்குற்றத் தண்டனை, குடும்ப வன்முறை வழக்கில் தண்டனை, நீதிமன்றத் தடை உத்தரவு ஆகியவையும் உரிமையைப் பறிக்கும். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பச் சொல்வார்கள், எஃப்.பி.ஐ.யின் கணினியில் பின்னணி சரிபார்ப்பார்கள். அந்தப் படிவத்தில் தெரிந்தே பொய் சொல்வதே குற்றம். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயதாகியிருக்க வேண்டும்; ரைபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் 18 என்பது கூட்டாட்சி விதி.

மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை மாறும். இல்லினாயில் முதலில் ஃபாய்டு எனும் துப்பாக்கி உரிமையாளர் அடையாள அட்டை எடுக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் பாதுகாப்புத் தேர்வு எழுதி, வாங்கிய பின் பத்து நாள் காத்திருக்க வேண்டும். நியூஜெர்சியில் கைத்துப்பாக்கிக்குத் தனி அனுமதி. டெக்சஸில் இவை எதுவும் இல்லை. பயிற்சி எதுவும் இல்லாமலே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். சட்டம் கேட்காததால் பயிற்சி தேவையில்லை என்று ஆகிவிடாது. ஊரில் ஆயுத உரிமம் வாங்க மனு, காவல்துறை விசாரணை என்று அலைந்து, தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைக்கும் முறையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த எளிமை மயக்கம் தரும்.

படி 2: வீட்டில் கலந்து பேசுங்கள்

மனைவியோ கணவரோ வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஒருவர் மட்டும் விரும்பி ஒளித்து வைத்திருக்கும் துப்பாக்கியைப் போல ஆபத்தானது வேறில்லை.

பேசும்போது ஓர் எண்ணிக்கையை மேசையில் வையுங்கள். 2022இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,204 பேர். அதில் 27,032 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கு மேல். மற்ற வழிகளில் முயன்றவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்; துப்பாக்கியை எடுத்தவர்களில் பத்தில் எட்டு ஒன்பது பேர் பிழைப்பதில்லை. வீட்டில் யாராவது மனச்சோர்வில் இருந்தால், பதின்ம வயதுப் பிள்ளை பேசாமல் அறைக்குள் அடைந்து கிடந்தால், குடிப்பழக்கம் இருந்தால், இப்போது வாங்காதீர்கள். நம் வீடுகளில் “டிப்ரெஷன்” என்ற சொல்லையே உள்ளே விடமாட்டோம். துப்பாக்கி வாங்கப் போகும் வீட்டில் அந்த வெட்கம் உதவாது. ஏற்கெனவே வாங்கிவிட்டு இப்படி ஒரு காலம் வந்தால், துப்பாக்கியை வீட்டை விட்டு வெளியே அனுப்புங்கள். சில கடைகளும் ரேஞ்சுகளும் கட்டணத்துக்கு வைத்துக்கொள்கின்றன. மாநிலச் சட்டம் அனுமதித்தால் உரிமை உள்ள நண்பரிடம் கொடுக்கலாம். 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை எல்லோருடைய போனிலும் போட்டு வையுங்கள்.

படி 3: துப்பாக்கிக்கு முன் கதவு

உடைத்து உள்ளே வருபவனைத் தாமதப்படுத்தும் ஒவ்வொரு நொடியும் நீங்கள் சுடாமல் இருக்க உதவும் நொடி. இங்குள்ள வீடுகளில் முன்கதவின் பூட்டுத் தகட்டை முக்கால் அங்குலத் திருகாணிகளால் மரச்சட்டத்தில் பிடித்திருப்பார்கள். ஓங்கி உதைத்தால் சட்டம் பிளந்துகொள்ளும். மூன்று அங்குலத் திருகாணிகள் போட்டால் சட்டத்துக்குப் பின்னால் உள்ள கட்டைவரை பிடிக்கும். அரைமணி நேர வேலை, செலவு சில டாலர். கராஜிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவைப் பூட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு இல்லை. அதைப் பூட்டுங்கள். வெளியே அசைவைக் கண்டு எரியும் விளக்கு, ஜன்னல் சென்சார், முடிந்தால் நாய்.

நகையை வங்கி லாக்கரில் வையுங்கள். கல்யாணத்துக்கு எடுத்தால் அடுத்த திங்கட்கிழமையே திருப்பி வையுங்கள். அட்டிகை போட்டுக்கொண்டு முகவரி தெரிய கொலு படங்களைப் பொதுவில் போட வேண்டாம்.

படி 4: நான்கு விதிகள்

ஜெஃப் கூப்பர் என்ற முன்னாள் மரைன் படை வீரர் 1976இல் அரிசோனாவில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். இன்று பல ரேஞ்சுகளில் சுவரில் மாட்டியிருக்கும் நான்கு விதிகள் அவர் வகுத்த வடிவில் பரவியவை. என் சொற்களில்:

ஒன்று, எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் தோட்டா நிரம்பியதுதான். இரண்டு, அழிக்க மனமில்லாத எதன் பக்கமும் குழல்முனையைத் திருப்பாதே. மூன்று, குறி இலக்கில் படிந்து சுடுவதென்று முடிவெடுக்கும்வரை விரல் ட்ரிக்கரைத் தொடக்கூடாது. நான்கு, இலக்கு எது, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதை நிச்சயமாகத் தெரிந்துகொள்.

ஒன்று மீறினாலும் மற்றவை காப்பாற்றும்படி இவை பின்னப்பட்டிருக்கின்றன. ஒருவர் தோட்டா இல்லை என்று நினைத்து ட்ரிக்கரை அழுத்தியே விட்டாலும், முனை தரையைப் பார்த்திருந்தால் ஓட்டை தரையில்தான் விழும். விரலைக் குழலுக்கு இணையாக, ட்ரிக்கருக்கு மேலே துப்பாக்கியின் உடல்பகுதி மீது நீட்டி வைக்கும் பழக்கம் வரப் பல வாரங்கள் ஆகும். வீட்டில் டிரில் மெஷினையும் குழாயடி ஸ்ப்ரேயையும் எடுக்கும்போதுகூட விரல் தானாக வெளியே நீளும் நாள் வரும். அன்றுதான் அது ஊறியிருக்கிறது.

படி 5: எந்தத் துப்பாக்கி?

வாங்குவதற்கு முன் குறைந்தது நான்கைந்தை ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள். புதிதாகப் பழகுபவருக்கு 9 மில்லிமீட்டர் தோட்டா போடும், நடுத்தர அல்லது முழு அளவு பிஸ்டல்தான் என் பரிந்துரை. கிளாக் 19, சிக் பி320, ஸ்மித் அண்ட் வெசன் எம்&பி போன்றவை பெரும்பாலான கடைகளில் இருக்கும், பாகமும் பயிற்சியாளரும் எளிதில் கிடைக்கும்.

பெண்களுக்கு என்று சொல்லிக் குட்டி ரிவால்வரைக் கையில் திணிக்கும் விற்பனையாளரிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். எடை குறைந்தால், சுடும்போது கையைப் பின்னால் தள்ளும் உதை கூடும்; குழல் குட்டையானால் குறி வைப்பதும் கடினம். என் மனைவி முதல் நாள் அப்படி ஒன்றைச் சுட்டுவிட்டு, உள்ளங்கை வலியில் இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்றாள். ஒரு மாதம் கழித்துக் கனமான முழு அளவு பிஸ்டலைக் கொடுத்ததும் முகம் மாறிவிட்டது. ஸ்லைடை, அதாவது துப்பாக்கியின் மேலே முன்பின் நகரும் பாகத்தை, இழுக்க வலு போதவில்லை என்பவர்கள், இடது கையால் இழுப்பதற்குப் பதில் ஸ்லைடை இறுகப் பிடித்துக்கொண்டு வலது கையால் துப்பாக்கியை முன்னால் தள்ளிப் பார்க்கவும். இழுக்க எளிதாகவே செய்த மாதிரிகளும் வந்துவிட்டன.

ஒரே வெடியில் பல குண்டுகளை வீசும் ஷாட்கன் பற்றி ஒரு தவறான நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது: குறி பார்க்கவே வேண்டாம், அறை முழுக்கப் பரவும் என்று. ஓர் அறை தூரத்தில் குண்டுகள் ஒரு கையகலத்துக்கு மேல் பரவுவதில்லை. குறி பார்த்தே ஆக வேண்டும். உதையும் அதிகம், நீளமும் அதிகம்.

தோட்டாவில் இரண்டு வகை வாங்குங்கள். பயிற்சிக்கு முழு உலோக உறையிட்டது, விலை குறைவு. வீட்டுக்கு ஹாலோ பாயிண்ட், அதாவது முனையில் குழி உள்ளது. உடலுக்குள் விரிந்து வேகம் குறையும், ஊடுருவி அப்பால் போகும் வாய்ப்பு குறைவு. ஹாலோ பாயிண்ட்டையும் ஓரிரு பெட்டி ரேஞ்சில் சுட்டு, உங்கள் துப்பாக்கியில் சிக்காமல் ஏறுகிறதா என்று பார்த்த பிறகே நம்புங்கள்.

படி 6: பூட்டு

துப்பாக்கி வாங்கும் அன்றே சேஃபும் வாங்குங்கள். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் இரண்டையும் அடுத்த மாதம் வாங்குங்கள்.

கட்டிலருகே வைக்க, நான்கைந்து பொத்தான்களை வரிசையாக அழுத்தித் திறக்கும் சிறு சேஃப் நல்லது. கைரேகை மாதிரிகள் ஈர விரலில் சில நேரம் அடம் பிடிக்கும். சேஃபை மேசையோடோ தரையோடோ போல்ட் போட்டு இறுக்குங்கள். இல்லையென்றால் திருடன் சேஃபோடு எடுத்துப் போவான். மெத்தைக்கு அடியில், பீரோவின் மேல், புடவை அடுக்குக்குள் ஒளித்து வைப்பதெல்லாம் பூட்டுவதில் சேராது. பிள்ளைகளுக்குத் தெரியாத இடம் என்று ஒரு வீட்டில் எதுவும் கிடையாது. தீபாவளிக்கு முன்பே பட்டாசு எங்கே ஒளித்திருக்கிறது என்று நமக்குத் தெரியாமலா இருந்தது?

டெக்சஸ் சட்டப்படி 17 வயது நிரம்பாதவர் கையில் எட்டும்படி, நிரப்பிய துப்பாக்கியை அலட்சியமாக விட்டுவைப்பது குற்றம். அந்தப் பிள்ளை சுட்டு உயிரோ பெருங்காயமோ ஏற்பட்டால் தண்டனை இன்னும் கடுமை. உடனே பூட்டு வாங்கக் காசில்லை என்றால், பல காவல் நிலையங்களில் ‘பிராஜக்ட் சைல்ட்சேஃப்’ திட்டத்தில் கம்பிப் பூட்டை இலவசமாகத் தருகிறார்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு பாடம் போதும், திரும்பத் திரும்ப: துப்பாக்கியைக் கண்டால் தொடாதே, அந்த இடத்தை விட்டு ஓடு, பெரியவரிடம் சொல். இது உங்கள் வீட்டுக்காக மட்டும் இல்லை, அவர்கள் விளையாடப் போகும் நண்பன் வீட்டுக்காகவும். பிள்ளையை இரவு தங்க அனுப்பும் முன் “உங்கள் வீட்டில் துப்பாக்கி பூட்டியிருக்கிறதா?” என்று அந்தப் பெற்றோரிடம் கேளுங்கள். எனக்கும் முதலில் கூச்சமாக இருந்தது. வேர்க்கடலை ஒவ்வாமையைச் சொல்வது மாதிரி சொல்லிப் பழகிவிட்டேன்.

படி 7: முதல் வகுப்பும் ரேஞ்சும்

டெக்சஸில் கைத்துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்லும் கேரி உரிமத்துக்கான தேர்வில் 50 தோட்டா: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. 250க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. நிதானமாகச் சுட்டால் புதியவரும் தேறிவிடலாம். 2021 செப்டம்பரிலிருந்து 21 வயதான பெரும்பாலானவர்களுக்கு அந்த உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லச் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் அந்த வகுப்புக்குப் போங்கள். சட்டத்தை ஓர் ஒழுங்கில் சொல்லித் தருவது அங்கேதான். அது தொடக்கம் மட்டுமே. நான் முதலில் போன வகுப்பில் நான்கு மணி நேரத்தில் எல்லாம் முடித்துச் சான்றிதழ் தந்து அனுப்பிவிட்டார்கள். துப்பாக்கி சிக்கினால் என்ன செய்வது என்றுகூட ஒருவரும் காட்டவில்லை. அடிப்படைக் கைத்துப்பாக்கி வகுப்பு ஒன்று, பிறகு வீட்டுப் பாதுகாப்புக்கென்றே நடத்தும் வகுப்பு ஒன்று, இரண்டையும் தேடிச் செய்யுங்கள். கேள்வி கேட்டால் எரிச்சல்படும் பயிற்சியாளரிடம் பணம் கட்டாதீர்கள்.

ரேஞ்சுக்குப் போகும்போது காதுக்கு இரட்டைக் காப்பு: உள்ளே நுரை அடைப்பான், மேலே காதை மூடும் மஃப். துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். ஒரே வெடியில் காது நிரந்தரமாகக் கெடலாம். கண்ணாடி, கழுத்து மூடிய சட்டை, முன்மூடிய காலணி. சூடான வெற்றுறை சட்டைக்குள் விழுந்தால் ஆட்கள் துள்ளித் திரும்புவார்கள், அந்தத் திருப்பத்தில் முனையும் திரும்பும். முடிந்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், துணியைத் தனியாகத் துவையுங்கள். ஈயத் தூள் கண்ணுக்குத் தெரியாது. கர்ப்பிணிகள் ரேஞ்சுக்குள் போக வேண்டாம்.

இனி சுடுவது. எது ஓங்கிய கண் என்று முதலில் பாருங்கள்: இரு கைகளையும் நீட்டி, நடுவில் சிறு முக்கோண இடைவெளி விட்டு, தூரத்தில் ஒரு கடிகாரத்தை அதில் பார்த்தபடி ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் மறையவில்லையோ அதுதான்.

பிடியில் வலது கையை எவ்வளவு மேலே ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றுங்கள். காலியாக இருக்கும் இடத்தை இடது உள்ளங்கையால் நிரப்பி, இரு கட்டைவிரலும் முன்னோக்கி இருக்கட்டும். கட்டைவிரல் ஸ்லைடுக்குப் பின்னால் போனால் தோல் கிழியும். கால்களைத் தோள் அகலத்தில் வைத்து உடலைச் சற்றே முன்னால் சாய்த்து நில்லுங்கள். குழல் நுனியில் உள்ள முன்குறி தெளிவாக, இலக்கு சற்று மங்கலாகத் தெரிய வேண்டும். ட்ரிக்கரை இழுக்காமல் மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். வெடி எப்போது என்று உங்களுக்கே தெரியக்கூடாது.

வலக்கைக்காரர் புதிதாகச் சுடும்போது ஓட்டைகள் இடது கீழ்ப்பக்கம் குவியும். வெடிக்கப் போகிறது என்று உடல் முன்கூட்டியே பயந்து முனையைத் தாழ்த்துவதுதான் காரணம். இதற்கு ஒரு வைத்தியம் உண்டு: நண்பர் ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் நிஜத் தோட்டாக்களோடு பயிற்சிப் பொய்த் தோட்டாக்களையும் கலந்து மேகசினை (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டி) நிரப்பட்டும். பொய்த் தோட்டா வரும்போது வெடிக்காது, ஆனால் முனை குப்புற விழுவது உங்கள் கண்ணுக்கே தெரியும். எனக்கு நூறு தோட்டா வீணாகச் சுட்டுக் கற்றதைவிட இந்த அரைமணி நேரம் அதிகம் கற்றுத் தந்தது.

தூரத்துக்கு ஆசைப்பட வேண்டாம். உங்கள் வீட்டின் மிக நீளமான நேர்க்கோட்டை அளந்து பாருங்கள், பல வீடுகளில் 7 கஜத்துக்கு அருகில் இருக்கும். 3, 5, 7 கஜங்களில் பழகுங்கள். 1983இல் சால்ட் லேக் சிட்டி காவல்துறைப் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர், கத்தியோடு ஓடிவருபவன் 21 அடியைச் சுமார் ஒன்றரை நொடியில் கடந்துவிடுவான் என்று காட்டினார். 21 அடி என்பது அந்த 7 கஜம்தான். கதவுக்கும் உங்களுக்கும் நடுவே தடை எதுவும் இல்லாவிட்டால் நேரமே இல்லை என்று அர்த்தம்.

சிக்கல்களையும் பழகுங்கள். ட்ரிக்கர் அழுத்தி வெடிக்கவில்லை என்றால் ரேஞ்சில் முனையை இலக்குப் பக்கமே வைத்து முப்பது நொடி காத்திருங்கள், தாமதமாக வெடிக்கலாம். வெடிச்சத்தம் வழக்கத்தைவிட மெலிதாக ‘டப்’ என்று கேட்டால் உடனே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம், அடுத்ததைச் சுட்டால் துப்பாக்கியே வெடிக்கும்.

படி 8: வீட்டில் தோட்டா இல்லாப் பயிற்சி

ட்ரை ஃபயர் என்பார்கள். பத்து நிமிடம் போதும், வாரத்தில் மூன்று நாள். தோட்டாக்கள் எல்லாவற்றையும் வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, உள்ளே கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். தடிமனான செங்கல் சுவர் அல்லது நிரம்பிய புத்தக அலமாரிப் பக்கம் மட்டும் குறி வையுங்கள். “பயிற்சி ஆரம்பம்” என்று வாய்விட்டுச் சொல்லித் தொடங்குங்கள், “முடிந்தது” என்று வாய்விட்டுச் சொல்லி முடியுங்கள்.

முடிந்தது என்றால் முடிந்தது. தோட்டாவைத் திரும்ப நிரப்பிய பிறகு “இன்னும் ஒரே ஒரு தடவை” என்று அழுத்துவதில்தான் சுவரில் ஓட்டை விழுகிறது. சுவருக்கு அப்பால் யார் இருந்தார்கள் என்பது அவரவர் விதி.

படி 9: வீட்டின் வரைபடம்

ஊரில் நம் வீட்டுச் சுவர் ஒன்பது அங்குலச் செங்கல். இங்கே உள்சுவர் என்பது மரக்கட்டைச் சட்டத்தின் இரு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் அட்டை, அவ்வளவுதான். 9 மில்லிமீட்டர் குண்டு இப்படிப்பட்ட பல சுவர்களைத் துளைத்துப் போகும். ஷாட்கன்னின் பெருங்குண்டுகளும் அப்படியே. ஹாலோ பாயிண்டின் வாயில் ஜிப்சம் அடைத்துக்கொண்டால் அது விரியாமலே போய்விடும்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வீட்டின் வரைபடத்தைத் தாளில் போடுங்கள். எல்லோருடைய கட்டிலையும் குறியுங்கள், பக்கத்து வீட்டு ஜன்னலையும் சேர்த்து. படுக்கையறையிலிருந்து கதவுப் பக்கம் சுட்டால் கோடு எங்கே போய் முடிகிறது என்று ஸ்கேல் வைத்து இழுங்கள். மகளின் கட்டிலைக் கடக்கும் கோட்டைச் சிவப்பில் எழுதுங்கள். அந்தத் திசையில் எந்த நிலையிலும் சுடக்கூடாது. எங்கள் வீட்டில் இதைப் போட்டுப் பார்த்த பிறகு மகளின் கட்டிலை எதிர்ச்சுவருக்கு நகர்த்தினோம்.

அடுத்து, எல்லோரும் கூட வேண்டிய ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். கனமான கதவு, உட்பூட்டு, சார்ஜில் ஒரு போன், டார்ச், சேஃப் எல்லாம் அங்கே இருக்கட்டும். சத்தம் கேட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி, கட்டிலுக்குப் பின்னால் மறைந்துகொண்டு 911ஐக் கூப்பிடுங்கள். தேடிக்கொண்டு கீழே இறங்காதீர்கள். அறை அறையாகத் தேடுவது பயிற்சி பெற்ற காவலர்களே பலர் சேர்ந்து செய்யும் வேலை. டிவியும் லேப்டாப்பும் போனால் போகட்டும். டெக்சஸ் சட்டம் சொத்தைக் காக்கக்கூடச் சில நிலைகளில் இடம் தருகிறது என்பார்கள். இடம் தருகிறது என்பதற்காக ஒரு டிவிக்கு ஓர் உயிரை எடுக்க வேண்டுமா என்று நீங்களே யோசியுங்கள்.

911இல் முதலில் முகவரி. இணைப்பு அறுந்தாலும் அது போய்ச் சேர்ந்திருக்கும். பிறகு என்ன நடக்கிறது, வீட்டில் எத்தனை பேர், எந்த அறையில், கையில் துப்பாக்கி இருக்கிறது, என்ன உடை. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துண்டிக்காதீர்கள். பெற்றோருக்கு ஆங்கிலம் வராது என்றால் “தமிழ்” என்று சொன்னால் போதும் எனச் சொல்லித் தாருங்கள். பல மையங்களில் போன் வழியே மொழிபெயர்ப்பாளரைச் சேர்ப்பார்கள்.

படி 10: யார் என்று கேட்பது

1992 அக்டோபரில் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் 16 வயது ஜப்பானிய மாணவன் ஒருவன் ஹாலோவீன் விருந்துக்குப் போகும்போது வீடு மாறிக் கதவைத் தட்டிவிட்டான். வீட்டுக்காரர் துப்பாக்கியை நீட்டி “ஃப்ரீஸ்” என்றார். மாணவனுக்கு அது புரியவில்லை, முன்னால் வந்தான், இறந்தான். குற்ற வழக்கில் வீட்டுக்காரர் விடுதலை ஆனார். சிவில் வழக்கில் ஆறரை லட்சம் டாலர் அளவில் இழப்பீடு கட்ட உத்தரவானது. ஒரு சொல் புரியாமல் போன உயிர் அது. வேற்று நாட்டிலிருந்து வந்து வாழும் நமக்கு இது இரண்டு பக்கமும் பொருந்தும்: நம் பிள்ளை கதவு மாறித் தட்டலாம், நம் வீட்டுக் கதவையும் அப்படி ஒரு பிள்ளை தட்டலாம்.

இருட்டில் தெரியும் உருவத்தைச் சுடக்கூடாது. முதலில் வெளிச்சம். கையில் தனி டார்ச் இருக்கட்டும், துப்பாக்கியில் பொருத்திய விளக்கு மட்டும் போதாது. அதை வைத்து யார் என்று பார்க்கப் போனால் குழல்முனையும் அவர் மீதே நிற்கும். வெளிச்சம் அடித்து முகத்தையும் கைகளையும் பாருங்கள்.

அதற்கும் முன் குரல். எங்கள் வீட்டு வழக்கம் இது: முதலில் தமிழில் “யாரு?” பதில் சொல்லும் ஒவ்வொருவரும் தன் பெயரைச் சொல்ல வேண்டும். பதில் வரவில்லை என்றால் ஆங்கிலத்தில், எல்லோருக்கும் புரியும் சொற்களில்: வெளியே போ, போலீஸ் வந்துகொண்டிருக்கிறது. ஊரிலிருந்து யார் வந்து இறங்கினாலும் முதல் நாள் காபியோடு இதைச் சொல்லிவிடுகிறோம். நேர மாற்றத்தில் முதல் வாரம் முழுக்க இரவு இரண்டு மூன்று மணிக்கு எழுந்து நடமாடுவார்கள். அவர்களுக்காகக் கூடத்திலும் சமையலறையிலும் ஒரு சிறு இரவு விளக்கு எரியவிடுகிறோம். கல்லூரியிலிருந்து சொல்லாமல் வந்து நிற்கும் பிள்ளைக்கும் இந்த வழக்கம் தெரிந்திருக்க வேண்டும்: உள்ளே வரும் முன் போன் செய்.

டெக்சஸ் குற்றவியல் சட்டத்தின் 9ஆம் அத்தியாயப்படி, ஆள் இருக்கும் வீட்டுக்குள் ஒருவர் சட்டவிரோதமாகவும் பலவந்தமாகவும் நுழைந்தால், உயிர்ப்பயம் நியாயமானது என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். பின்வாங்கும் கடமையும் இல்லை. நீங்கள் சண்டையைத் தூண்டியிருந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை. அவன் திரும்பி ஓடிக்கொண்டிருக்கிறான் என்றால் ஆபத்து முடிந்துவிட்டது, கையை இறக்குங்கள். மற்ற மாநிலங்களில் சொற்களும் எல்லைகளும் வேறு.

படி 11: போலீஸ் வரும்போது

அவர்களுக்கு வீட்டுக்காரர் யார், திருடன் யார் என்று தெரியாது. பழுப்பு நிறத்தில் கையில் துப்பாக்கியோடு நிற்கும் ஆள் அவர்கள் கண்ணுக்கு எப்படித் தெரிவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கதவு திறக்கும் முன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுங்கள் அல்லது சேஃபில் பூட்டுங்கள். இரண்டு கையும் வெறுமையாக, மேலே. சொன்னதைச் செய்யுங்கள், விலங்கு மாட்டினாலும் வாதாடாதீர்கள்.

சுட நேர்ந்திருந்தால், தாக்கியவன் யார், சாட்சி யார், ஆதாரம் எங்கே, ஆம்புலன்ஸ் வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். மற்றதை “ஒத்துழைக்கிறேன், வக்கீலோடு பேசுகிறேன்” என்று நிறுத்துங்கள். பதற்றத்தில் நேரமும் தூரமும் தவறாகத்தான் நினைவில் இருக்கும். வக்கீல் எண்ணை முன்கூட்டியே போனில் வையுங்கள். அதன் பின்னான மாதங்களில் தூக்கம் வராது, பிள்ளைகள் பயப்படுவார்கள். மனநல ஆலோசகரிடம் போவதைத் தள்ளிப் போடாதீர்கள்.

தொடர்ந்து செய்ய வேண்டியவை

மாதம் ஒருமுறை ரேஞ்ச், 50 தோட்டா போதும். அதில் பத்தை இடது கையால் மட்டும் சுடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, துப்பாக்கி இல்லாமல், குடும்பமே அந்த அறைக்குப் போய்ச் சேரும் ஒத்திகை. எங்கள் வீட்டில் முதல் முறை இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது, இப்போது நாற்பது நொடி.

மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் சேஃபுக்கும் டார்ச்சுக்கும் புது பேட்டரி போடுங்கள், துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போடுங்கள், சேஃபில் இருக்கும் ஹாலோ பாயிண்ட் தோட்டாக்களை அடுத்த ரேஞ்சில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியதை வையுங்கள். அன்றைக்கே வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். பிள்ளை அறை மாறியிருக்கலாம். ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் வர டிக்கெட் போட்டிருக்கலாம்.